பெயின்ட்டுக்குள் ஒளிந்திருக்கும் மாத்திரை: வடசென்னையின் துருவுக்கு மருந்து கிடைக்குமா?

ராயபுரத்தில் சொந்த வீட்டுக்காரர், வாடகைக்கு இருப்பவர் என்ற வித்தியாசம் இல்லாமல் எல்லோரிடமும் ஒரு புலம்பல் உண்டு. “போன பொங்கலுக்குத்தான் கிரில்லுக்கு பெயின்ட் அடிச்சோம், அதுக்குள்ள பாரு!” ஜன்னல் கம்பி, மொட்டை மாடித் தண்ணீர்த் தொட்டியின் ஸ்டாண்டு, ஏசி அவுட்டோர் யூனிட்டைத் தாங்கும் இரும்பு, வாசலில் நிற்கும் பைக்கின் செயின் என எதையும் துரு விட்டுவைப்பதில்லை.

எங்கள் வீட்டு கிரில்லை ஒருநாள் பொறுமையாக உட்கார்ந்து பார்த்தேன். துரு எல்லா இடத்திலும் ஒரே மாதிரி வரவில்லை. துணி உலர்த்தும் கொடிக்கயிறு கட்டிக் கட்டித் தேய்ந்த இடம், வெல்டிங் வைத்த மூட்டு, ஏசி மெக்கானிக் ஸ்பேனரைச் சாய்த்துவைத்த கம்பி, இங்கெல்லாம்தான் முதலில் பெயின்ட் கொப்புளமாக எழும்பியிருந்தது. நகத்தால் தட்டினால் அப்பளம் மாதிரிப் பெயர்ந்து வந்தது. உள்ளே பழுப்புத் தூள். பெயின்ட் ஒரே ஒரு கீறலில்தான் தோற்றிருந்தது. அந்தக் கீறல் வழியாக உள்ளே போன துரு, நல்ல பெயின்ட்டுக்கு அடியிலேயே ஊர்ந்து போயிருந்தது.

அந்தக் கீறலுக்கு மருந்து போடும் வேலையை பெயின்ட்டே செய்துகொள்ள முடியுமா? கடந்த 20 ஆண்டுகளாக உலகின் பல ஆய்வகங்கள் இதில்தான் மண்டையை உடைத்துக்கொண்டிருக்கின்றன. கண்ணுக்குத் தெரியாத கேப்சூல்களில் துருத் தடுப்பானை அடைத்து, பெயின்ட்டில் கலந்துவிடுவது. துரு தொடங்கும் இடத்தில் மட்டும் கேப்சூல் திறக்கும். மற்ற இடங்களில் மூடியே இருக்கும்.

மழையே இல்லாமல் நனையும் இரும்பு

முதலில் எதிரியைத் தெரிந்துகொள்வோம். மே மாத மதியத்தில் “அப்பாடா, கடல்காத்து வந்துடுச்சு” என்று நாம் நிம்மதிப் பெருமூச்சு விடுகிறோமே, அந்தக் காற்று சும்மா வருவதில்லை. அலை உடையும்போது தெறிக்கும் நுண்துளிகளையும் தூக்கிக்கொண்டு வருகிறது. தண்ணீர் ஆவியாகிவிடும், உப்பு மிஞ்சும். கரையிலிருந்து முதல் சில நூறு மீட்டருக்குள்தான் இந்த உப்பு அதிகம் படியும். காசிமேடு, ராயபுரம், திருவொற்றியூர், எண்ணூர் என வடசென்னையில் கணிசமான இரும்பு நிற்பது அந்தப் பட்டையில்தான்.

உப்பு ஈரத்தை இழுக்கும் என்பது சமையலறையில் உப்பு ஜாடி வைத்திருக்கும் யாருக்கும் தெரியும். நாம் சாப்பிடும் சோடியம் குளோரைடு, காற்றின் ஈரப்பதம் சுமார் 75 சதவீதத்தைத் தொட்டால் தானாகக் கரையத் தொடங்கும். கடல் உப்பில் மெக்னீசியம் குளோரைடும் உண்டு. அது இன்னும் மோசம், 33 சதவீத ஈரப்பதமே அதற்குப் போதும். சென்னைக் கடற்கரையில் காற்று அவ்வளவு வறண்டு போகும் நேரம் அபூர்வம். அதனால்தான் மாதக்கணக்கில் மழை பெய்யாவிட்டாலும் ராயபுரத்து இரும்பின் மேல் மெல்லிய உப்புநீர்ப் படலம் இருந்துகொண்டே இருக்கிறது.

பெயின்ட் பூச்சுகளுக்கான சர்வதேசத் தரநிலையான ஐ.எஸ்.ஓ. 12944, ஊர்க்காற்று இரும்பை எவ்வளவு தின்னும் என்பதை வைத்து இடங்களை வகை பிரிக்கிறது. உப்பு அதிகமுள்ள கடலோரமும், புகையும் ஈரமும் சேர்ந்த தொழிற்பகுதியும் ‘சி5’ வகையில் வரும். அங்கே பெயின்ட் அடிக்காத சாதா இரும்பு முதல் ஆண்டிலேயே 80 முதல் 200 மைக்ரான் வரை கரைந்துபோகும். ஒரு தலைமுடியின் கனம் சுமார் 70 மைக்ரான் என்று வைத்துக்கொண்டால், வருஷத்துக்கு ஒன்றிலிருந்து மூன்று முடி கனம். கேட்கச் சின்னதாக இருக்கும். ஆனால் எல்லா இடத்திலும் சமமாகக் கரைந்தால்தான் இந்தக் கணக்கு. உப்பு இருக்கும் இடத்தில் துரு ஒரே புள்ளியில் குழி தோண்டும். ஓட்டை விழுவது அப்படித்தான்.

அந்தக் குழிக்குள் என்ன நடக்கிறது என்பதை கேம்பிரிட்ஜைச் சேர்ந்த யூலிக் எவன்ஸ் 1920களில் ஒரு சொட்டு உப்புநீரை வைத்தே காட்டிவிட்டார். இரும்புத் தகட்டின் மேல் ஒரு சொட்டு. அதில் நிறம் காட்டும் இரண்டு ரசாயனங்கள். கொஞ்ச நேரத்தில் சொட்டின் நடுப்பகுதி நீலமாகிறது, ஓரம் பிங்க் ஆகிறது. நீலம் என்றால் அங்கே இரும்பு கரைகிறது. பிங்க் என்றால் அங்கே காற்றிலுள்ள ஆக்சிஜன் எலக்ட்ரான்களை வாங்கிக்கொண்டு காரமாக மாறுகிறது. பிளஸ் டூ லேபில் பியூரெட்டிலிருந்து ஒரு சொட்டு கூடுதலாக விழுந்ததும் சட்டென பிங்க் ஆகி வெறுப்பேற்றியதே, அதே ஃபினால்ஃப்தலீன்தான் இந்த வேலையைச் செய்கிறது. அதாவது துரு என்பது ஒரு குட்டி பேட்டரி. இரும்பு கரையும் முனையில் அமிலத்தன்மை கூடுகிறது, எதிர்முனையில் காரத்தன்மை கூடுகிறது. இந்த பி.ஹெச் மாற்றத்தை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், கேப்சூலுக்குச் சாவியே அதுதான்.

ஜூலையில் கீறல், ஏப்ரலில் பெயின்ட்

“கீறல் விழுந்தா உடனே டச்-அப் பண்ணிட்டா போச்சு” என்று தோன்றும். கிரில்லுக்குச் சரி. காசிமேட்டுப் படகுக்கு?

கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகுகளைக் கரையேற்றி, சுரண்டி, வெல்டிங் வைத்து, பெயின்ட் அடிக்க அவர்களுக்குக் கிடைக்கும் பெரிய இடைவெளி அதுதான். இரும்பு உடல் கொண்ட படகென்றால் மொத்த உடலும், மரப்படகென்றாலும் வின்ச், தண்டு, ஆணி, போல்ட் என இரும்பு நிறையவே உண்டு. தடை முடிந்து கடலுக்குப் போன முதல் வாரமே நங்கூரச் சங்கிலி உரசும், மடி இழுக்கும் கம்பிவடம் தேய்க்கும், பக்கத்துப் படகு வந்து இடிக்கும். ஜூலையில் விழுந்த கீறல் முறையாகக் கவனிக்கப்பட அடுத்த ஏப்ரல் ஆகிவிடும். நடுவில் வடகிழக்குப் பருவமழை முழுசாக வந்துபோகும். (தண்ணீருக்கு அடியில் இருக்கும் பகுதிக்குத் துத்தநாகக் கட்டிகளைப் பொருத்துவது வழக்கம். இரும்புக்குப் பதிலாகத் துத்தநாகம் கரையும். தண்ணீருக்கு மேலே இருக்கும் பகுதிக்கு அந்த உதவி கிடையாது.)

கீறலுக்கும் அடுத்த பெயின்ட்டுக்கும் நடுவில் இருக்கும் இந்த ஒன்பது, பத்து மாதத்தைத் தாக்குப்பிடிப்பதுதான் கேள்வி. காலத்துக்கும் அழியாத பெயின்ட்டை யாரும் கேட்கவில்லை.

ஏனென்றால் சாதாரண பெயின்ட் ஒரு ரெயின்கோட் மட்டுமே. கிழியாதவரை நனைய விடாது. கிழிந்துவிட்டால் அதனிடம் வேறு வித்தை இல்லை. கீறலில் உருவாகும் துரு, தின்ற இரும்பைவிடப் பல மடங்கு இடம் பிடிக்கும். ஆறு மடங்கு வரைகூடப் போகும். அந்த வீக்கம்தான் பக்கத்தில் இருக்கும் நல்ல பெயின்ட்டையும் நெம்பித் தூக்குகிறது. பழைய வீடுகளில் ஸ்லாப் காரை பெயர்ந்து தலையில் விழுகிறதே, அதற்கும் காரணம் உள்ளே கம்பி துருப்பிடித்து வீங்குவதுதான்.

மஞ்சள் மருந்தின் விலை

பெயின்ட்டுக்குள் மருந்து கலப்பது புது யோசனை இல்லை. நம் ஊர் வெல்டிங் பட்டறைகளில் கிரில்லுக்கு முதல் கோட்டாக அடிக்கும் ‘ரெட் ஆக்சைடு’ பிரைமரை எல்லோரும் பார்த்திருப்போம். அந்தச் சிவப்பு நிறமே இரும்பு ஆக்சைடுதான், துருவின் ஒன்றுவிட்ட சகோதரன். அது தனியாக மருந்து வேலை செய்யாது. இந்தியத் தரநிலை ஐ.எஸ். 2074 இந்த பிரைமரை ‘ரெட் ஆக்சைடு ஜிங்க் குரோம்’ என்றே குறிப்பிட்டது. மருந்து, அந்த மஞ்சள் ஜிங்க் குரோமேட்.

குரோமேட் அபாரமாக வேலை செய்யும். ஈரம் பட்டதும் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைந்து கீறலை நோக்கிப் போய், உலோகத்தின் மேல் புதிய காப்புப் படலத்தை உருவாக்கிவிடும். விமானங்களின் அலுமினிய உடலைப் பல பத்தாண்டுகள் காப்பாற்றியது இதுதான். பிரச்சினை என்னவென்றால், இதிலிருப்பது ஆறு இணைதிறன் குரோமியம். புற்றுநோய் உண்டாக்கும் என்று உறுதியான பொருள். ஜூலியா ராபர்ட்ஸ் ஆஸ்கர் வாங்கிய ‘எரின் புரோக்கோவிச்’ படம் பார்த்திருந்தால் ஞாபகம் வரும். கலிபோர்னியாவின் ஹிங்க்லி ஊர் நிலத்தடி நீரில் கலந்தது இதே குரோமியம்தான். அதை அங்கே எதற்குப் பயன்படுத்தினார்கள் தெரியுமா? குளிர்விக்கும் கோபுரங்களில் துருப்பிடிக்காமல் இருக்க.

அவ்வளவு தூரம் போகவே வேண்டாம். 1856ல் ராயபுரத்திலிருந்து புறப்பட்ட தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயில் போய் நின்ற இடம் வாலாஜா ரோடு. அதற்குப் பக்கத்தில்தான் ராணிப்பேட்டை. அங்கே தமிழ்நாடு குரோமேட்ஸ் அண்ட் கெமிக்கல்ஸ் ஆலை 1990களின் நடுவில் மூடப்பட்டபோது விட்டுச்சென்ற குரோமியக் கழிவு இரண்டு லட்சம் டன்னுக்கும் மேல். அந்த ஆலை தயாரித்தது தோல் பதனிடுதல் போன்ற தொழில்களுக்கான ரசாயனங்களை, பிரைமரை அல்ல. ஆனால் மண்ணிலும் கிணற்றிலும் இறங்கிய விஷம் அதே வகைதான். குரோமேட்டைப் பார்த்து உலகம் ஏன் பயப்படுகிறது என்பதற்கு நம் பக்கத்து மாவட்டமே சாட்சி. ஐரோப்பிய ஒன்றியத்தில் குரோமேட்டைப் பயன்படுத்தத் தனி அனுமதி தேவை.

குரோமேட்டின் பலமும் பலவீனமும் ஒன்றுதான். அது எப்போதும் கசிந்துகொண்டே இருக்கும். துரு வந்தாலும் கசியும், வராவிட்டாலும் மழைநீரோடு சாக்கடைக்குப் போகும்.

சரி, விஷமில்லாத வேறு தடுப்பானைக் கலக்கலாமே? பலவும் கலந்து பார்த்தார்கள். நன்றாகக் கரையும் உப்புகளை அப்படியே பெயின்ட்டில் போட்டால், அவையே தண்ணீரை உறிஞ்சி கொப்புளம் உண்டாக்குகின்றன. சில தடுப்பான்கள் எபாக்ஸியோடு வினைபுரிந்து, பெயின்ட்டைக் காயவே விடுவதில்லை. மருந்து பெயின்ட்டைக் கெடுக்கிறது, பெயின்ட் மருந்தைக் கெடுக்கிறது. இரண்டையும் பிரித்து வைக்க ஒரு சுவர் வேண்டியிருந்தது.

கேப்சூல் எப்படித் திறக்கிறது?

டாக்டர் தரும் சில மாத்திரைகளை “உடைச்சு சாப்பிடாதீங்க” என்று மெடிக்கல் ஷாப்பில் சொல்வார்கள். இரைப்பையின் அமிலத்தில் கரையாமல், குடலுக்குப் போய் பி.ஹெச் மாறியதும் கரையும்படி மேலே ஓர் உறை இருக்கும். பெயின்ட் கேப்சூலும் கிட்டத்தட்ட அதே தந்திரம்தான்.

2001ல் அமெரிக்காவின் இல்லினாய்ஸ் பல்கலைக்கழகத்தில் ஸ்காட் ஒயிட் குழு, பிளாஸ்டிக்குக்குள் பசை நிரப்பிய நுண்கேப்சூல்களைப் புதைத்து, விரிசல் விழுந்ததும் தானே ஒட்டிக்கொள்ளும் பொருளைச் செய்துகாட்டியது. அங்கிருந்து பெயின்ட்காரர்களுக்குப் பொறி தட்டியது. 2006ல் ஜெர்மனியின் பாட்ஸ்டாமில் உள்ள மேக்ஸ் பிளாங்க் நிறுவனத்தின் திமித்ரி ஷுகின், ஹெல்முட் மோவால்ட் குழுவினர், சுமார் 70 நானோமீட்டர் அளவுள்ள சிலிக்கா துகள்களின் மேல் வெங்காயத் தோல்போல அடுக்கடுக்காகப் பாலிமர் பூசி, நடுவே பென்சோட்ரையசோல் என்ற தடுப்பானை அடைத்தனர். துரு தொடங்கி பி.ஹெச் மாறினால் அந்தத் தோல்கள் நெகிழ்ந்து மருந்தை விடும். துரு அடங்கி பி.ஹெச் பழைய நிலைக்கு வந்தால் திரும்ப இறுகும். அலுமினியக் கலவையில் பூசி உப்புநீரில் போட்டபோது பலன் தெரிந்தது.

இன்னொரு வழி, களிமண். ஹாலோய்சைட் என்ற ஒரு வகைக் களிமண்ணின் துகள்கள் இயற்கையிலேயே வெற்றுக் குழாய்களாக இருக்கின்றன. பேனா ரீஃபில்லைப் பல லட்சம் மடங்கு சுருக்கியது மாதிரி. உள்துளை 15 நானோமீட்டர் சொச்சம். அதற்குள் தடுப்பானை நிரப்பி முனையை அடைத்துவிட்டால் மலிவான கேப்சூல் ரெடி. ஹைதராபாத்தில் உள்ள ஏ.ஆர்.சி.ஐ. ஆய்வு மையம் இத்தகைய குழாய்களை வைத்து அலுமினிய, மெக்னீசியக் கலவைகளுக்கான பூச்சுகளில் ஆய்வு செய்திருக்கிறது.

எனக்குத் தனிப்பட்ட முறையில் பிடித்தது மூன்றாவது வகை. அடுக்கடுக்கான ஹைட்ராக்சைடு தாள்களுக்கு நடுவே தடுப்பான் அயனிகள் உட்கார்ந்திருக்கும். உப்பின் குளோரைடு அயனி வந்தால், அதை உள்ளே இழுத்துப் போட்டுக்கொண்டு தடுப்பானை வெளியே அனுப்பும். எதிரியைப் பிடித்து அடைத்துவிட்டு மருந்தை விடுதலை செய்கிற ஏற்பாடு. உப்புதான் முதல் எதிரி என்கிற ஊருக்கு இதைவிடப் பொருத்தமாக என்ன வேண்டும்?

நாசாவும் இந்தக் களத்தில் உண்டு. ஃபுளோரிடாவில் உள்ள கென்னடி விண்வெளி மையம் கடற்கரையிலேயே இருக்கிறது. போதாக்குறைக்கு, விண்வெளி ஓடம் ஒவ்வொரு முறை கிளம்பும்போதும் அதன் பூஸ்டர்கள் சுமார் 70 டன் ஹைட்ரோகுளோரிக் அமிலத்தைக் கக்கின. 1966 முதலே துருவை ஆராய்ந்துவரும் அந்த மையத்தில் லுஸ் மரினா காயே குழுவினர் உருவாக்கியவை, காரத்தன்மை கூடினால் உடையும் கேப்சூல்கள். எவன்ஸின் பிங்க் ஓரம் ஞாபகம் இருக்கிறதா? அங்கேதான் இவை திறக்கும். தடுப்பானுக்குப் பதில் நிறம் காட்டும் ரசாயனத்தை அடைத்தால், கண்ணுக்குத் துரு தெரிவதற்கு முன்பே பெயின்ட்டில் நிறம் மாறி “இங்கே பார்” என்று காட்டிக்கொடுக்கும். வருஷத்துக்கு ஒருமுறைதான் கரையேறும் படகுக்கு, எந்த இடத்தைச் சுரண்ட வேண்டும் என்று இப்படிக் கோடு போட்டுக் காட்டினால் பாதி வேலை மிச்சம்.

இவ்வளவு சிக்கலும் வேண்டாம் என்று ஆளிவிதை எண்ணெயை மட்டும் கேப்சூலில் அடைத்து 2008ல் இந்திய ஆய்வாளர்கள் காட்டினார்கள். நம் பெயின்டர்கள் காலங்காலமாகப் பயன்படுத்தும் அதே லின்சீட் ஆயில். கீறினால் கேப்சூல் உடைந்து எண்ணெய் வழியும், காற்று பட்டுக் காய்ந்து கீறலை மூடும்.

அப்போ கடையில கேட்டா கிடைக்குமா?

வன்னியர் தெரு ஹார்டுவேர் கடையிலோ கல்மண்டபத்துப் பெயின்ட் கடையிலோ போய் “கேப்சூல் போட்ட பிரைமர் இருக்கா?” என்று கேட்டால் கடைக்காரர் உங்களை ஏற இறங்கப் பார்ப்பார். அமெரிக்காவின் இல்லினாய்ஸ், பிரிட்டனின் வேல்ஸ் போன்ற இடங்களில் பல்கலைக்கழக ஆய்வகங்களிலிருந்து பிறந்த சிறு நிறுவனங்கள் இத்தகைய கேப்சூல்களைப் பெயின்ட் தயாரிப்பாளர்களுக்கு விற்கின்றன. தொழிற்சாலை அளவில்தான் இப்போதைக்கு நடமாட்டம்.

தாமதத்துக்குக் காரணங்கள் உண்டு. பெயின்ட் ஆலையில் நிறமிகளை அசுர வேகத்தில் அரைத்துக் கலக்குவார்கள், ஸ்பிரே கன்னில் உயர் அழுத்தத்தில் பீய்ச்சுவார்கள். இதில் கேப்சூல் கீறலுக்கு முன்பே உடைந்துவிடக் கூடாது. டின்னுக்குள் ஒரு வருஷம் கசியாமல் இருக்க வேண்டும். எண்ணெய் கேப்சூல்கள் பல பத்து மைக்ரான் பெரியவை. மெல்லிய கோட்டில் போட்டால் ரவை கலந்த மாதிரி நெருடும். அதிகம் போட்டால் பெயின்ட்டே சல்லடையாகும், குறைவாகப் போட்டால் கீறல் விழும் இடத்தில் கேப்சூல் இருக்காது. இன்னொன்று, மாத்திரை அட்டை காலியானால் காலிதான். அதே இடத்தில் திரும்பத் திரும்ப உரசினால் இரண்டாவது முறை மருந்து இல்லை. நங்கூரச் சங்கிலி அரை இன்ச் அகலத்துக்குப் பெயின்ட்டை வழித்தெடுத்தால் எந்தக் கேப்சூலும் காப்பாற்றாது. கத்தியால் கோடு போட்ட அளவு மெல்லிய கீறல்தான் இதன் எல்லை.

ஆய்வுக் கட்டுரைகளைப் படிக்கும்போது எனக்கு ஒரு சந்தேகம் வந்துகொண்டே இருக்கும். பெரும்பாலான சோதனைகள் 35 டிகிரி வெப்பத்தில் 5 சதவீத உப்புநீரைத் தெளிக்கும் பெட்டிக்குள் நடப்பவை. சில நூறு மணி நேரம் தாங்கினால் வெற்றி. காசிமேட்டில் வெயிலும், டீசல் புகையும், மீன் கழிவு நீரும், உரசும் டயரும் சேர்ந்துதான் வரும். அதனால்தான் திறந்தவெளிச் சோதனை முக்கியம். அதற்கான அடித்தளம் தமிழ்நாட்டில் ஏற்கெனவே இருக்கிறது. அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் கொடுத்து, 1953ல் காரைக்குடியில் திறக்கப்பட்ட மத்திய மின்வேதியியல் ஆய்வு நிறுவனம், மண்டபத்தில் கடலோரச் சோதனை நிலையம் நடத்துகிறது. இந்தியாவின் எந்தப் பகுதியில் துரு எவ்வளவு வேகம் என்று வரைபடமும் போட்டிருக்கிறது. கட்டடக் கம்பிகளுக்குத் தடுப்பான் கலந்த சிமென்ட் குழம்பைப் பூசும் முறையும் அங்கே உருவானதுதான். கேப்சூலுக்கு மூத்த அண்ணன் என்று சொல்லலாம்.

அதே மண்டபத்துக்குப் பக்கத்தில் 2025 ஏப்ரலில் திறக்கப்பட்ட புதிய பாம்பன் ரயில் பாலத்துக்குப் பாலிசிலாக்ஸேன் பூச்சு அடித்திருக்கிறார்கள். அது கேப்சூல் பெயின்ட் அல்ல, மிக நல்ல ரெயின்கோட். பாலத்துக்கு ஆண்டு முழுக்கப் பராமரிப்புக் குழு இருக்கும், கீறல் விழுந்தால் ஏறிப் போய்ப் பார்ப்பார்கள்.

யாரும் ஏறியோ இறங்கியோ பார்க்க முடியாத இரும்பு வேறு. துறைமுகத்திலிருந்து மணலிக்கும் தண்டையார்பேட்டைக்கும் எண்ணெய் கொண்டுபோகும் குழாய்கள் வீடுகளுக்கும் சாலைகளுக்கும் அடியில் போகின்றன. மணலி சுத்திகரிப்பு ஆலை 1969ல் இயங்கத் தொடங்கியது. கச்சா எண்ணெய்க்கான பழைய குழாய் பல பத்தாண்டுகள் ஓடிய பிறகுதான் புதியது போடப்பட்டது. குழாய்களுக்குப் பூச்சும் உண்டு, மின்சாரம் செலுத்தித் துருவைத் தடுக்கும் ஏற்பாடும் உண்டு. ஆனாலும் மண்ணுக்குள் ஒரு குழாயில் கசிவு ஏற்பட்டால் முதலில் தெரிந்துகொள்வது யார்? 2013ல் தண்டையார்பேட்டையில் எரிபொருள் குழாய் கசிந்தபோது, வீட்டு போர்வெல் தண்ணீரில் பெட்ரோல் வாடை அடித்துத்தான் மக்களுக்குத் தெரிந்தது. குழாயை இறக்கும்போது ஜல்லிக்கல் குத்தி விழும் ஒரு கீறலை, பிறகு 30 வருஷம் யாரும் பார்க்கப் போவதில்லை. கேப்சூல் பூச்சு முதலில் போய்ச் சேர வேண்டிய இடம் என்று என்னைக் கேட்டால், கிரில்லைவிட இந்தக் குழாய்களைத்தான் சொல்வேன்.

அதுவரை கையில் இருப்பதை ஒழுங்காகச் செய்யலாம். துருவால் உலகம் ஆண்டுக்கு இழப்பது சுமார் 2.5 லட்சம் கோடி டாலர் என்று ‘நேஸ்’ அமைப்பு 2016ல் கணக்கிட்டது. அதில் 15 முதல் 35 சதவீதத்தை இப்போதே தெரிந்த முறைகளால் மிச்சப்படுத்தலாம் என்றும் சொன்னது. வீட்டளவில் அந்த ‘தெரிந்த முறை’ ரொம்பச் சாதாரணம். துருவின் மேலேயே பெயின்ட் அடிக்கக் கூடாது. உப்புத்தாளால் பளிச்சென்று இரும்பு தெரியும்வரை தேய்த்து, நல்ல தண்ணீரால் கழுவி உப்பை எடுத்து, நன்றாக உலர்ந்த பிறகு அன்றைக்கே பிரைமர். வெல்டிங் மூட்டுக்கும் ஓரங்களுக்கும் பிரஷ்ஷால் ஒரு கோட் கூடுதலாக. கழுவும் வேலையைத்தான் எல்லோரும் விட்டுவிடுகிறோம். கடலோரத்தில் அந்த உப்புதான் பெயின்ட்டுக்கு அடியில் உட்கார்ந்து மறுபடி ஈரத்தை இழுக்கிறது.

எங்கள் கிரில்லை இந்த முறை அப்படித்தான் செய்தோம். “இரும்பைப் போய்க் குளிப்பாட்டச் சொல்றீங்களே சார்” என்று பெயின்டர் சிரித்தார். கொடிக்கயிற்றை மட்டும் கிரில்லிலிருந்து அவிழ்த்து, எதிர்ச் சுவரில் ஆணி அடித்து மாற்றியாயிற்று.